கெட்டில் என்று ஒரு சொல்: சிறுவர்க்கு வாழ்க்கை வரலாறு எழுதுவோரோடு ஒரு பழைய வழக்கு

  யாருடைய நினைவாக அறக்கட்டளை இந்தச் சொற்பொழிவைப் புனேயின் விஷ்ராந்த்வாடியில் நடத்துகிறதோ அவர் நேரத்தை வீணாக்காத ஆசிரியர் என்று அழைப்பிதழே சொல்கிறது. ஆகவே நேரே வழக்குக்குப் போகலாம்.

வழக்கு பழையது. முன்வரிசையில் இருக்கும் நாலைந்து பேருக்கு இதன் இரண்டு பக்க வாதமும் மனப்பாடம். அவர்களில் இருவர் எதிர்க்கட்சி. சிறுவர் இலக்கிய மாநாடு எங்கே நடந்தாலும் வாழ்க்கை வரலாற்றுக்கான அமர்வைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் வைப்பார்கள். சாம்பார் மணம் அரங்குக்குள் எட்டிப்பார்க்கும் நேரத்தில் ஒருவர் எழுந்து முப்பது நாற்பது நூல்களின் பெயரை வாசிப்பார். இன்னொருவர் பிஞ்சு நெஞ்சம், நல்விதை, நாளைய பாரதம் என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கால்மணி நேரத்தை ஓட்டுவார். மணியடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் உருப்படியான கேள்வி ஒன்று வந்து விழும்: பெரியவர்களின் சிறுவயதைப் பிள்ளைகளுக்கு எழுதும்போது நடந்ததை எழுதுவதா, பிள்ளைக்கு நல்லது என்று நமக்குத் தோன்றுவதை எழுதுவதா? "பத்து வயசுப் பையனுக்கு அடிக்குறிப்பா போட முடியும்?" என்று யாராவது கேட்பார்கள். சிரிப்பு. அப்புறம் சாப்பாடு. வழக்கு அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிவைக்கப்படும்.

இன்று சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

நான்கு வகுப்பறைகள்

விஷ்ராந்த்வாடியிலும் கட்கியிலும் திகியிலும் வளர்கிற தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இரண்டு, தெருவில் எல்லாம் கலந்த ஒன்று. பெரியவர்களின் கதைகளும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. ஆகஸ்டு 1 திலகர் நினைவு நாள். அன்றைக்குப் பள்ளி மேடைகளில் பிள்ளைகள் மராத்தியில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பது வேர்க்கடலைக் கதையை. வகுப்பில் கடலைத் தோல் சிதறிக் கிடக்கிறது. எல்லோரும் பொறுக்குங்கள் என்கிறார் ஆசிரியர். நான் தின்னவில்லை, பொறுக்கவும் மாட்டேன் என்கிறான் சிறுவன் பால கங்காதரன். அடுத்தது கோகலே கதை: வீட்டுக் கணக்கைச் சரியாகப் போட்டதற்காக ஆசிரியர் பாராட்டுகிறார், பையன் அழுகிறான், இன்னொருவர் உதவி செய்தாராம். தமிழ்ப் பக்கம் வந்தால் கும்பகோணத்து ராமானுஜன். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்கிறார் ஆசிரியர்; பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலுமா என்கிறான் பையன். நான்காவது காந்தி, கெட்டில்.

நான்கும் வகுப்பறைக்குள் நடக்கின்றன. நான்கிலும் ஓர் ஆசிரியர் நிற்கிறார், எதிரே ஒரு பையன் எழுந்திருக்கிறான். இது தற்செயல் அல்ல. ஒரு மனிதரின் முழு வாழ்விலிருந்து பள்ளிக்கூடம் தன் நான்கு சுவருக்குள் அடங்குகிற ஐந்து நிமிடத்தை வெட்டி எடுத்துக்கொள்கிறது. எழுதுபவர், பாடத்திட்டத்தில் வைப்பவர், மேடையில் ஒப்பிக்கச் சொல்பவர் மூவரும் வாத்தியார்கள். (உரையாளரும் வாத்தியார்தான், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரும் உண்டு.) தமிழில் குழந்தை எழுத்துக்குப் பாதை போட்டவர்களுள் முதல்வரான அழ. வள்ளியப்பா எழுதிய ஒரு நூலின் பெயரே 'சின்னஞ்சிறு வயதில்'. அவர் வழி வந்தவர்கள் அந்தத் தலைப்பைச் சட்டமாக்கிவிட்டார்கள். பெரியவரைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்றால் அவரைப் பிள்ளையாக்கிக் காட்டு. அந்தப் பிள்ளையை அப்போதே பெரியவராக்கிவிடு.

திலகர், கோகலே, ராமானுஜன் கதைகளை இன்று ஒதுக்கிவைக்கலாம். அவை வாய்வழி வந்தவை, பலர் கைபட்டவை. கெட்டில் கதை அப்படியல்ல. சம்பந்தப்பட்ட பையனே பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறான். மூலம் கையில் இருந்தும் நாம் என்ன செய்திருக்கிறோம் என்று பார்ப்பதுதான் நியாயமான சோதனை.

கெட்டில்

ராஜ்கோட், 1880களின் தொடக்கம். உயர்நிலைப் பள்ளியில் மோகன்தாஸ் காந்திக்கு முதல் ஆண்டு. கல்வி ஆய்வாளர் ஜைல்ஸ் என்ற வெள்ளைக்காரர் வந்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் பார்க்க ஐந்து ஆங்கிலச் சொற்கள் கொடுக்கிறார். அதில் ஒன்று 'கெட்டில்'. பையன் அதைத் தப்பாக எழுதுகிறான். ஆசிரியர் பூட்ஸ் முனையால் அவன் காலைத் தட்டுகிறார். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார், திருத்திக்கொள் என்று பொருள். பையன் திருத்தவில்லை. மற்ற எல்லாப் பையன்களும் ஐந்தையும் சரியாக எழுதியிருந்தார்கள். இவன் ஒருவன்தான் தப்பு.

இதுவரை எல்லாப் புத்தகங்களும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. இனிதான் பிரிகின்றன. நம் சிறுவர் நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அடுத்து வருவது இது: ஆசிரியரின் சைகை மோகன்தாசுக்குப் புரிந்தது, ஆனாலும் பார்த்து எழுதுவது தவறு என்று அவன் மறுத்துவிட்டான், அன்றே சத்தியத்தின் வித்து ஊன்றப்பட்டது. சில வடிவங்களில் ஆசிரியர் வெட்கித் தலைகுனிகிறார். இன்னும் தாராளமான வடிவங்களில் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்.

காந்தி தன் சுயசரிதையில் எழுதியது வேறு. ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று அவருக்குப் புரியவே இல்லை. ஆசிரியர் அங்கே நிற்பதே யாரும் யாரையும் பார்த்து எழுதாமல் காவல் காக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன் அவன். காவல்காரரே சுவரேறச் சொல்வார் என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. அவன் எதையும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய ஒன்று தன் முன் வந்து நிற்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. பின்னால் ஆசிரியர் அவனுடைய முட்டாள்தனத்தை அவனுக்கே புரியவைக்க முயன்றாராம், பலனில்லையாம். முதுகில் தட்டியது பிற்காலத்து எழுத்தாளர்களின் கை.

இரண்டு பையன்களும் வேறு வேறு பேர். புத்தகத்துப் பையன் தெரிந்து மறுத்த வீரன். காந்தி எழுதிய பையன் கூச்சக்காரன். அதே அத்தியாயத்திலேயே சொல்கிறார், பள்ளி விட்டதும் யாராவது கேலி செய்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஓடிவிடுவானாம். மற்றவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிற சைகை அவனுக்கு மட்டும் பிடிபடவில்லை. வகுப்பே சிரித்திருந்தாலும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. இந்த அவையில் உள்ள எந்த அம்மாவுக்கும் இப்படி ஒரு பிள்ளையைத் தெரிந்திருக்கும். சிலருக்கு வீட்டிலேயே இருக்கும். அந்தப் பிள்ளை தன்னைக் கண்டுகொள்ளக்கூடிய பக்கம் காந்தியின் நூலில் இருக்கிறது. சிறுவர் நூலாக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதே பக்கம்தான்.

காந்தி அந்த நிகழ்ச்சியிலிருந்து எடுக்கும் முடிவும் நாம் எடுப்பதல்ல. இதனால் ஆசிரியர் மேல் தனக்கிருந்த மரியாதை குறையவில்லை, பெரியவர்களின் குறையைக் காணாத கண் இயல்பாகவே தனக்கு அமைந்திருந்தது என்கிறார். பிற்காலத்தில் அதே ஆசிரியரின் வேறு குறைகளும் தெரியவந்தன, அப்போதும் மரியாதை குறையவில்லையாம். மேற்பார்வைக்கு வந்தவர் முன்னால் பள்ளியின் பெயரைக் காப்பாற்ற மோசடிக்குத் தூண்டிய ஆசிரியர். அவரை மதித்துக்கொண்டே இருந்த மாணவன். இதை ஒரு நீதியாகச் சுருக்க முடியாது. ஒப்பிக்கவும் வராது. அதனால்தான் கழித்துக்கட்டுகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். 'கெட்டில்' என்பதை எப்படித் தப்பாக எழுதினார் என்று காந்தி சொல்லவே இல்லை. ஆனால் எந்த எழுத்தை விட்டார், எதைச் சேர்த்தார் என்று துல்லியமாகச் சொல்லும் கதைசொல்லிகள் உண்டு. இதைக் கேட்டால் அற்ப விஷயம் என்பார்கள். அற்பம்தான். ஆனால் ஐந்து சொற்களில் காந்திக்கு நினைவிருந்தது ஒன்று, மறந்தது நான்கு, எழுத்துப்பிழை எது என்பது பதிவாகவில்லை. நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

நாம் ஏன் தவறாகப் படித்தோம் என்பதற்கு ஒரு துப்பு இருக்கிறது. அதற்கு இந்த மண்டபத்திலிருந்து ஆளந்தி சாலையில் தெற்கே மூன்று நான்கு கிலோமீட்டர் போக வேண்டும்.

எரவாடா சிறை. 1922 மார்ச்சில் ஆறாண்டுத் தண்டனை பெற்று காந்தி அங்கே வந்தார். சுயசரிதையை ஏற்கெனவே தொடங்கி, முதல் தாளைத் தாண்டுவதற்குள் நிறுத்தியிருந்தார். சிறையில் உடனிருந்த ஜெயராம்தாஸ், மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அதை எழுதுங்கள் என்று வற்புறுத்தினார். காந்தியோ தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றை முன்னால் எடுத்துக்கொண்டார். அதே சிறையில் 1922இல் அவர் எழுதிய இன்னொன்று, சிறு பிள்ளைகளுக்கான 'பால்போதி' என்ற குஜராத்தி முதல் பாடப் புத்தகம். தாய் பிள்ளையோடு பேசுவதுபோல அமைந்தது. அவர் இருந்தவரை அது வெளிவரவில்லை; 1951இல் நவஜீவன் வெளியிட்டது. பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது என்று இந்தப் பேட்டைக்குப் பக்கத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்ட மனிதர் அவர். நம் மாநாடுகளில் அவரைப் பற்றி எழுதிய நூல்களின் பட்டியலை வாசிக்கிறோம். பிள்ளைகளுக்காக அவரே எழுதியதைப் பற்றி யாரும் வாய் திறந்து உரையாளர் கேட்டதில்லை.

சிறையில் எழுத நேரம் இருந்திருக்கும். குடல்வால் குறுக்கே வந்தது. 1924 ஜனவரி 12 இரவு, புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் அறுவை செய்தார். அதற்கு முன் காந்தி பார்க்க விரும்பியவர்களில் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. கோகலே 1905இல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அப்போது தலைவராகப் புனேயில் இருந்தவர். காந்திக்கு அரசியலில் எதிர்முகாம், மனிதராக நெருங்கியவர். அறுவைக்குச் சம்மதம் தெரிவிக்கும் வாசகத்தை அவர் உடனிருந்து எழுத, காந்தி நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். அறுவையின் நடுவில் மின்சாரம் நின்றது. கைவிளக்கும் அணைந்தது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். பிப்ரவரி 5 அன்று விடுதலை. சுயசரிதை 1925 நவம்பரில்தான் 'நவஜீவன்' இதழில் தொடராக வரத் தொடங்கியது. 1929 பிப்ரவரி வரை வந்தது. குஜராத்தியில் எழுதப்பட்டதை மகாதேவ் தேசாய் ஆங்கிலமாக்கினார். பிறகு அந்த ஆங்கிலத்தைச் செப்பனிட்டவர் பெயர் வெளியிட விரும்பாத ஒரு பெரியவர். அவர் வேறு யாருமல்ல, அதே சீனிவாச சாஸ்திரிதான். அவர் மறைந்த பிறகே அந்தச் செய்தி அச்சில் வந்தது.

இப்போது பூட்ஸ் முனைக்குத் திரும்பலாம். ஆசிரியர் இடித்துக் காட்டியதைச் சொன்னதும் குஜராத்தியில் காந்தி ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார். நமக்கு எங்கே உறைக்கப்போகிறது என்ற தொனியில், ஐம்பத்தாறு வயதுக்காரர் அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிற கேள்வி. ஆங்கிலத்தில் அது கேள்வியாக இல்லை. தூண்டினார், ஆனால் நான் தூண்டப்படுவதாக இல்லை என்ற பொருளில் ஓர் அறிக்கை. நல்ல ஆங்கிலம். நிமிர்ந்த ஆங்கிலம். நிமிர்ந்துவிட்டதுதான் சிக்கல். தன்னைக் கிண்டல் செய்துகொண்டவர் மார்பு நிமிர்த்தியவர் ஆகிவிட்டார். அடுத்த வாக்கியத்தைப் படித்தால், புரியவில்லை என்றுதான் சொல்கிறார் என்பது தெளிவாகிவிடும். அடுத்த வாக்கியம் வரை போகப் பொறுமை வேண்டும்; நீதி கிடைத்த இடத்தில் பலர் நின்றுவிட்டார்கள். 2018இல் வந்த திருதீப் சுஹ்ருதின் ஆய்வுப் பதிப்பு குஜராத்திக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாடுகளை இடத்துக்கு இடம் காட்டுகிறது. தமிழில் ரா. வேங்கடராஜுலுவின் 'சத்திய சோதனை' வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆக, மூலம் கிடைக்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். அவர்கள் சொல்வது: காந்தி எழுதியதும் நாற்பது நாற்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த நினைவுதானே? அவரே தன்னைக் கொஞ்சம் அசடாகக் காட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். அப்படியானால் அதையும் பிள்ளையிடம் சொல்லலாமே. "இதை அவர் தாத்தா வயதில் நினைத்துப் பார்த்து எழுதினார்" என்று ஒரு வரி போதும். அடிக்குறிப்பு வேண்டாம். பிள்ளைகளுக்குத் தாத்தாக்களின் நினைவு எப்படி வேலை செய்யும் என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். ஒரே கதையை மூன்று விதமாகக் கேட்டவர்கள் அவர்கள்.

இன்னொரு வாதம், பிள்ளைக்குத் தெளிவு வேண்டும் என்பது. இந்தக் கதையை உள்ளபடி ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். வரும் கேள்விகள் தெளிவாகவே இருக்கும். மற்ற பசங்க எல்லாரும் பார்த்து எழுதினாங்களா? சார் எதுக்கு அப்படிச் செய்தார்? இன்ஸ்பெக்டர் அந்தக் காலைப் பார்க்கலையா? மூன்றுமே வரலாற்றாசிரியன் கேட்க வேண்டிய கேள்விகள். வீரக் கதையைச் சொன்னால் இதில் ஒன்றுகூட வராது. கைதட்டல் வரும்.

பொய்யான சிறுவயதுக்கு உலகப் புகழ் பெற்ற முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் ஊர் ஊராகப் புத்தகம் விற்றவர். 1800இல் ஜார்ஜ் வாஷிங்டன் வரலாறு எழுதினார். செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதை முதல் பதிப்பில் இல்லை; 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில் முளைத்தது. வியாபாரம் தெரிந்தவர். நம் ஆட்களுக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை. உரிமைத்தொகை என்ன வருகிறது என்று இந்த அவைக்குத் தெரியும்.



பேச்சைக் கற்பித்தல்

வாயில் போடும் வசனம் பற்றி ஒரு வார்த்தை. சசூன் மருத்துவமனை இரவை எழுத ஒரு வசனமும் கற்பிக்க வேண்டியதில்லை. அணைந்த விளக்கு, நடுங்கும் பென்சில், வாசலில் நிற்கும் எதிர்முகாம் நண்பர். கிடைத்ததை அடுக்கினாலே பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். கற்பனை வசனம் பெரும்பாலும் தேடாத சோம்பலுக்குப் போடுகிற மேல்பூச்சு. விதிவிலக்குகள் உண்டு. மராத்தி எழுத்தாளர் சானே குருஜி 1933இல் நாசிக் சிறையில் எழுதிய 'ஷ்யாம்ச்சி ஆயி' (ஷ்யாமின் அம்மா) முழுக்கப் பேச்சுதான். ஆனால் அது தன் தாயைப் பற்றி மகன் சொல்வது, ஷ்யாம் என்று பெயரை மாற்றிக்கொண்டு சொல்வது. அந்த நேர்மை தலைப்பிலேயே இருக்கிறது.

சொல்லாமல் விடுவது

ஆனந்திபாய் ஜோஷி. ஒன்பது வயதில் திருமணம், பதினான்கில் பிறந்த குழந்தை பத்து நாளில் மரணம், 1886இல் பென்சில்வேனியாவில் மருத்துவப் பட்டம், 1887 பிப்ரவரி 26இல் புனேயில் மறைவு, இருபத்திரண்டு நிறையவில்லை. சிறுவர் நூல்களில் கணவர் கோபால்ராவ் மனைவியைப் படிக்கவைத்த உத்தமர். படிக்கவைத்தார், உண்மை. அடித்தும் படிக்கவைத்தார், ஆனந்திபாயே பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்தியிருக்கிறார். எட்டு வயதுக்கு எவ்வளவு, பன்னிரண்டுக்கு எவ்வளவு என்பது தனி உரைக்கான பொருள். இப்போதைக்கு ஒன்று: உத்தமர் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இனிச் செய்யக்கூடியவை

கூட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே வேகமாக.

எரவாடாவில் 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனே ஒப்பந்தத்தை, காந்தி பற்றிய சிறுவர் நூல் ஒன்றிலும் அம்பேத்கர் பற்றிய சிறுவர் நூல் ஒன்றிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு வகுப்பு படிக்கலாம். ஒரே நாள், இரண்டு கதை. கையெழுத்திட்டவர்களில் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகிய தமிழர்களும், பல்வங்கர் பாலு என்ற கிரிக்கெட் வீரரும் உண்டு. சுழல்பந்து வீச்சாளர் ஒருவர் அந்தத் தாளில் எப்படி வந்தார் என்று தொடங்கினால் ஆறாம் வகுப்பு எழுந்து உட்காரும்.

'பால்போதி'யை நம் பிள்ளைகளோடு தமிழில் படித்துப் பார்க்க வேண்டும். திலகரின் கடலைத் தோல் முதலில் எந்த நூலில் அச்சானது என்று மராத்தி தெரிந்த நம் மாணவர் ஒருவர் தேடலாம். இந்த ஊரில் நூலகங்களுக்குப் பஞ்சமில்லை. படங்கள் பற்றி இன்று பேசவே நேரமில்லை. 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை மூன்று தலைமுறைக்குப் பெரியவர்களின் முகத்தை வரைந்து கொடுத்துவிட்டது. கூச்சக்காரப் பையனை எப்படி வரைவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கடைசியாக, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாக்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒருவரிடம் உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதி வரட்டும். ஒரு நிபந்தனை: தாத்தாவுக்கு ஏதோ ஒன்று புரியாமல் போன ஒரு நாளாவது அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் பிரதிகளை அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன் அமைப்பாளரிடம் கொடுத்தால் போதும்; அச்சுச் செலவை அறக்கட்டளை ஏற்குமா என்று தலைவரைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.